மனம் உடைந்தவரைப் படமெடுக்கிறீர்களா?

காதல் முறிந்தவரை உட்காரவைத்து "கொஞ்சம் சோகமா பாருங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், முகம் இறுகிப்போகும். வெயில் தாழ்ந்ததும் திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையிலுள்ள குறுக்குத்துறை படித்துறைக்குக் கூட்டிப்போங்கள், கேமராவை மடியில் வைத்துக்கொண்டு பிரிந்துபோனவரைப் பற்றிப் பேசவிடுங்கள், நடுவில் ஆறுதல் சொல்லவே வேண்டாம். பேச்சு நின்று, எச்சில் விழுங்கி, விரல் சட்டைப் பொத்தானைத் திருகும் பாருங்கள், அப்போது எடுங்கள். 85 மி.மீ. லென்ஸ் நல்லது, முகத்துக்கு நேரே போய் நிற்க வேண்டியதில்லை; லென்ஸ் திறப்பு எஃப் 2.8, பின்னணி மங்கலாகும்; ஃபோகஸ் நமக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணில், சத்தம் வராத சைலண்ட் ஷட்டர். கையும் ஃப்ரேமில் இருக்கட்டும், முகம் மறைப்பதைக் கை காட்டிக்கொடுத்துவிடும், முன்பின் தெரியாதவர்கூட தன் பிரிவை அங்கேதான் அடையாளம் காண்பார். அப்புறம், அவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் எங்கேயும் போடாதீர்கள், எவ்வளவு நல்ல படமானாலும்.