வளரிளம் பருவ நலத்தில் ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கு

வளரிளம் பருவத்தினரின் பாலியல், இனப்பெருக்க நலத்தில் பிஎச்.டி. சேர வரும் பிள்ளைகள் பெரும்பாலும் கையில் கேள்வித்தாளோடுதான் வருகிறார்கள். வாங்கிப் படித்துவிட்டு நான் ஒன்றுதான் கேட்பேன். "இந்தப் பதினேழாவது கேள்விக்கு ஒரு பொண்ணு 'ஆமா'ன்னு எழுதிட்டா, மறுநாள் காலையில நீ என்ன செய்வே?" அதற்குப் பதில் இல்லாத யாரையும் நான் ஃபீல்டுக்கு அனுப்புவதில்லை. புள்ளியியல், மென்பொருள், ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுவது எல்லாம் போகப் போகக் கைவந்துவிடும். இது மட்டும் முதல் நாளே வேண்டும்.

எந்தப் படிப்பிலிருந்தும் இதற்குள் வரலாம். எம்.பி.பி.எஸ். முடித்துச் சமூக மருத்துவத்தில் எம்.டி. செய்கிறவர்கள் வருகிறார்கள், நர்சிங், உளவியல், சமூகவியல், மக்கள்தொகையியல் படித்தவர்களும் வருகிறார்கள். நான் சமூகப்பணியில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு சர்வே எடுக்கப் போய் இதிலேயே ஒட்டிக்கொண்டவள். முதுகலைக்கு மும்பையில் மக்கள்தொகை ஆய்வு நிறுவனமான ஐஐபிஎஸ், திருவனந்தபுரம் அச்சுத மேனன் மையம், சென்னையில் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தொற்றுநோயியல் நிறுவனமான என்ஐஇ மூன்றையும் பாருங்கள். முதலாவதில் எண்கள் பழகும், மற்ற இரண்டில் பொது சுகாதாரம். நெட் தேர்வில் மக்கள்தொகை ஆய்வு தனிப் பாடமாகவே இருக்கிறது. பிஎச்.டி.க்கு 2022-ஆம் ஆண்டு யுஜிசி விதிப்படி குறைந்தது 3 ஆண்டு, பொதுவாக 6 ஆண்டு வரை. இந்தத் துறையில் மூன்றில் முடிப்பேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

யாரைப் பார்த்து நடப்பது என்று கேட்டால் டி.கே. சுந்தரி ரவீந்திரன் பெயரைச் சொல்வேன். 1981-இல் செங்கல்பட்டுப் பக்கம் கிராமத்துப் பெண்களோடு சேர்ந்து ஒரு அமைப்பைக் கட்டினார். 1993-இல் தொடங்கிய 'ரீபுரொடக்டிவ் ஹெல்த் மேட்டர்ஸ்' ஆய்விதழின் ஆசிரியர்களில் ஒருவராக இருந்தார். அச்சுத மேனன் மையத்தில் பேராசிரியரானது அதற்குப் பிறகு. நம் பிள்ளைகள் இதைத் தலைகீழாகச் செய்யப் பார்க்கிறார்கள்.

ஃபீல்டுக்குப் போகுமுன் ஏற்கெனவே இருக்கிற டேட்டாவைத் துருவுங்கள். தேசிய குடும்ப நல ஆய்வின் முதல் இரண்டு சுற்றுகளில் (1992–93, 1998–99) கல்யாணமான பெண்களிடம் மட்டும்தான் பேசினார்கள். கல்யாணமாகாதவர்கள் உள்ளே வந்தது 2005–06-இல். ஐந்தாவது சுற்றில் (2019–21), 20–24 வயதுப் பெண்களில் 18 நிரம்புமுன் மணமானவர்கள் இந்தியாவில் 23.3 சதவீதம், தமிழ்நாட்டில் 12.8. நாம் தேவலை என்று மேடையில் பேச இந்த எண் உதவும். ஆராய்ச்சியாளர் அதே எண்ணை எட்டில் ஒரு பெண் என்று வாசிக்க வேண்டும், அந்த எட்டாவது பெண் எந்த மாவட்டம் என்று தேட வேண்டும். இன்னொன்று: 2014-இல் மத்திய அரசு தொடங்கிய வளரிளம் பருவத்தினருக்கான ஆர்.கே.எஸ்.கே. திட்டம் 10 வயதிலேயே ஆரம்பிக்கிறது. குடும்ப நல ஆய்வோ 15 வயதுக்குக் கீழே யாரையும் பேட்டி எடுப்பதில்லை. நடுவில் விடுபட்ட ஐந்து வருஷத்தில் எத்தனையோ பேருக்கு ஆய்வுத் தலைப்பு கிடைக்கும்.

அனுமதிக்கு வருவோம். பள்ளிக்கல்வித் துறை, மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரின் சி.இ.ஓ. ஆபீஸ், தலைமையாசிரியர் ஹெச்.எம். என்று படியேற வேண்டும். கடிதத்தில் 'வளரிளம் பருவ நலம்' என்று எழுதுவதில் தப்பில்லை. ஆனால் கேள்வித்தாளை ஒரு வரி விடாமல் பின்னிணைப்பாக வையுங்கள். மறைத்து வைத்து உள்ளே போனவர்களால் அடுத்து வருகிறவர்களுக்கும் சேர்த்துக் கதவு சாத்தப்படுகிறது. காலண்டரையும் பாருங்கள். காலாண்டு, அரையாண்டு, பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. மிஞ்சுவது ஜூலை–ஆகஸ்ட், அக்டோபர்–நவம்பர், பொங்கலுக்குப் பின் கொஞ்ச நாள். பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளை எந்த ஹெச்.எம்.மும் தர மாட்டார்; ஒன்பதும் பதினொன்றும் கேளுங்கள்.

ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைப்படி 12 முதல் 18 வயதுப் பிள்ளைகளிடம் எழுத்தில் இசைவும் வேண்டும், பெற்றோர் சம்மதமும் வேண்டும். சம்மதப் படிவத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால், மறுநாள் ஒரே கையெழுத்தில் நாலு அப்பாக்கள் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பெற்றோர் கூட்டம் நடக்கிற நாளில் போய் உட்கார்ந்து நேரில் பேசி வாங்குங்கள். பெற்றோர் சம்மதம் கேட்பதே பிள்ளைக்கு ஆபத்தாகும் சூழல் இருந்தால், காரணத்தை எழுதி எத்திக்ஸ் கமிட்டி முன் வையுங்கள், முடிவு அவர்களுடையது.

இனி கேள்வி. "போன மாசம் பீரியட்ஸ் நேரத்துல ஸ்கூலுக்குப் போகலையா?" என்று அச்சடித்திருப்பார்கள். "ஆமா" என்று ஒரு பெண் சொன்னால் அவள் போனாளா, போகவில்லையா? பாதிப் பேர் ஒரு பொருளில் சொல்வார்கள், மீதிப் பேர் வேறு பொருளில். எதிர்மறையில் கேள்வி வைக்காதீர்கள். "எத்தனை நாள் லீவு போட்டே?" என்று கேட்டால் சுழியம் உட்பட நேரான பதில் வரும். வயதுக்கு வந்த தேதியைக் கேட்டால் "எட்டாவது, அரைப்பரீட்சை லீவுல" என்று சொல்வாள். அது நல்ல பதில், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அம்மா உள்ளே போய் மஞ்சள் நீராட்டுப் பத்திரிகையை எடுத்து வந்து தேதியைக் காட்டுவார். அதை நம்பாதீர்கள். மண்டபம் கிடைக்க வேண்டும், தாய்மாமன் திருப்பூரிலிருந்து வர வேண்டும், சீருக்குப் பணம் புரள வேண்டும். விழா பல மாதம் கழித்துக்கூட நடக்கும். பிள்ளையின் நினைவுதான் உங்கள் டேட்டா.

வகுப்பறையில் எழுதவைத்தால் கேள்வித்தாளின் வடிவத்தைப் பாருங்கள். 'ஆமாம் என்றால் அடுத்த பத்துக் கேள்வி, இல்லை என்றால் கடைசிப் பக்கம்' என்று வைத்தால், யார் நிறைய எழுதுகிறார்கள் என்று அந்த பெஞ்சு முழுக்கத் தெரிந்துவிடும். இல்லை என்றவர்களுக்கும் அதே நீளத்துக்கு வேறு கேள்விகள் வையுங்கள், உணவு, தூக்கம், விளையாட்டு என்று. எல்லோரும் ஒரே நேரத்தில் பேனாவை மூட வேண்டும். வீட்டில் பேட்டி என்றால் பாட்டி நகர மாட்டார். நாங்கள் இருவராகப் போவோம். ஒருத்தி பாட்டியிடம் ரேஷன் கார்டில் யார் யார் பெயர் என்று கேட்டுக்கொண்டு திண்ணைக்குக் கூட்டிப்போவாள், மற்றவள் பிள்ளையோடு கிணற்றடிக்கு. பாட்டிகளின் பேட்டியே பல சமயம் சுவாரஸ்யமாக அமைந்துவிடும், அது வேறு கதை.

இப்போது அந்தப் பதினேழாவது கேள்வி, அதாவது யாரோடாவது பாலுறவு உண்டா என்பது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள். அவர்கள் சம்மதம் சட்டத்தில் செல்லாது. 19-ஆவது பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிந்த யாரும் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் 21-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஆராய்ச்சியாளருக்கு விலக்கு எதுவும் எழுதவில்லை. பதினாறு வயதுப் பெண் தன் காதலனைப் பற்றி நம்பிச் சொல்கிற ஒரு வாக்கியம், அந்தப் பையனை ஜெயிலுக்கு அனுப்பலாம். விரும்பிப் பழகும் வளரிளம் பருவத்தினர் மீது இந்தச் சட்டம் பாய்வது குறித்து 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் கவலையோடு பேசியிருக்கிறது. 2022-இல் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளது பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் போலீசுக்குத் தரும் தகவலில் அவள் அடையாளத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்றது. மருத்துவருக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும் என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள்.

ஆகவே கேட்கும் முறையை மாற்றுங்கள். பெயரும் ரோல் நம்பரும் இல்லாத தாள், பூட்டிய பெட்டி. அல்லது "கவிதா என்று ஒரு பொண்ணு..." என்று கதை சொல்லி, அவள் என்ன செய்திருக்கலாம் என்று கேட்பது. அல்லது 18 தாண்டியவர்களிடம் பழசைக் கேட்பது; அதற்கும் ஒரு வக்கீலின் கருத்தை வாங்கிக் கோப்பில் வையுங்கள். நேர்ப்பேட்டிதான் வேண்டும் என்றால், எதைச் சொன்னால் நான் ரகசியம் காக்க முடியாது என்பதைப் பேட்டி தொடங்குமுன் அந்தப் பிள்ளையிடம் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். சொன்னால் பேச மாட்டார்கள் என்று மாணவர்கள் அழுவார்கள். பேசாமல் இருப்பதும் அவர்கள் உரிமைதான்.

வன்முறை வெளியே வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்னாலேயே எழுதிவையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 என்று தாளில் அச்சடித்தால் போதாது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் வளரிளம் பருவ கிளினிக் என்று போர்டு இருக்கும். என்றைக்குத் திறக்கிறது, யார் உட்காருகிறார், பள்ளி விட்ட பிறகு யாராவது இருப்பார்களா என்று நீங்களே ஒருநாள் போய்ப் பாருங்கள். கிராம சுகாதார செவிலியரின் கைபேசி எண் உங்களிடம் இருக்கட்டும்.

ஆண்கள் இந்தத் துறைக்கு வர வேண்டும், எனக்கு இதில் பிடிவாதமே உண்டு. பையன்களிடம் நாங்கள் போனால் சிரிப்புதான் வருகிறது. கைப்பழக்கத்தால் நரம்புத் தளர்ச்சி வரும் என்று ராத்திரி டிவியில் லேகியம் விற்கிறவர் சொல்வதைக் கேட்டு, பதினைந்து வயதில் தூக்கம் கெட்டுக் கிடக்கிற பையன் அதை ஒரு அண்ணனிடம்தான் சொல்வான்.

வேலை விஷயத்தில் ஏமாற்ற விரும்பவில்லை. புராஜெக்ட் வேலைகள் வருஷ ஒப்பந்தம். நிதி தீர்ந்தால் வேலையும் தீரும். மருத்துவக் கல்லூரி, பல்கலைக்கழகம், ஐசிஎம்ஆர் நிறுவனங்களில் நிரந்தர இடம் குறைவு. வெளிநாட்டு நிதியோ கூட்டாளியோ இருந்தால் மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவான ஹெச்எம்எஸ்சி ஒப்புதலுக்கு மாதக்கணக்கில் ஒதுக்குங்கள். கல்யாண வீட்டில் "என்ன ஆராய்ச்சி?" என்று கேட்டால் "பொம்பளப் பிள்ளைங்க ஆரோக்கியம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போங்கள், மாமியாருக்கு மட்டும் விவரமாகச் சொல்லிவிடுங்கள், பிறகு அவரே உங்களுக்காகப் பதில் சொல்வார்.

நெறியாளருக்கு எழுதும்போது இருபது பக்க முன்மொழிவு வேண்டாம். இரண்டு பக்கம் போதும்: எந்த வயது, எந்த ஊர், ஏற்கெனவே உள்ள டேட்டாவில் எது இல்லை, எதைக் கேட்கப் போவதில்லை. கடைசியாகச் சொன்னது இல்லாத கடிதத்தை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.