சிறையில் போட்டுப் பூட்டாதீர்கள்: மத்தியகாலச் சட்டத்தை ரோல்ப்ளே ஆட்டத்துக்குள் கொண்டுவரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கிளிநொச்சியில் ஒரு வீட்டு விறாந்தையில் நடந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் ஐந்து பேர். ஒரு தம்பி கதை நடத்தினான். மற்ற நால்வருக்கும் ஆளுக்கொரு பாத்திரம்: வில்லாளி, மந்திரக்காரி, வைத்தியர், திருடன். கதை நடத்துபவர் நிலைமையைச் சொல்வார், ஆட்டக்காரர் தான் செய்யப்போவதைச் சொல்வார், அது பலித்ததா என்று பகடை சொல்லும். ரோல்ப்ளே ஆட்டம் தெரியாதவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

காட்டுக்குள் மரை என்று நினைத்து வில்லாளி விட்ட அம்பு, தேன் எடுக்கப் போன ஒரு கிழவரில் தைத்துவிட்டது. கிழவர் அந்த இடத்திலேயே இறந்துபோனார். நான்கு பேரும் கதிரை நுனிக்கு வந்துவிட்டார்கள். தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "காவலர் வந்து உங்களைப் பிடிச்சுச் சிறையில போட்டாச்சு."

எனக்குத் திக்கென்றது. ஏழெட்டு வருடத்துக்கு முன்னர் நான் சொன்ன அதே வசனம். அதனால்தான் இதை எழுதுகிறேன். சோழர் காலத்துக் கறியில் மிளகாய்த்தூள் போடுவது, வாளோடு வந்தவன் கையில் மணிக்கூடு கட்டியிருப்பது போன்ற சில்லறைப் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவற்றை மேசையில் இருக்கும் யாராவது திருத்திவிடுவார்கள்.

சிறையும் பொலிசும்

என் முதல் ஆட்டத்தில் சந்தையில் ஒரு கைகலப்பு. வியாபாரி ஒருவன் செத்துப்போனான். நான் சீருடை போட்ட காவலர்களை வரவழைத்து, எல்லோரையும் பிடித்துச் சிறையில் போட்டேன். சட்டம் என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன். மூன்று பின்னேரங்கள் சிறைக்குள்ளேயே போயின. முதல் நாள் தப்பப் பார்த்தார்கள். சிறை என்றால் உறுதியாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வழியையும் நானே அடைத்தேன். இரண்டாம் நாள் இரண்டு பேர் போனைப் பார்க்கத் தொடங்கினார்கள். மூன்றாம் நாள் ஆட்டத்துக்கு உயிர் கொடுக்க நினைத்து, முட்கம்பியையும் காலையும் மாலையும் ஆள் எண்ணுவதையும் சாப்பாட்டு வரிசையையும் விவரித்தேன்.

நண்பன் ஒருவன் கொப்பியை மூடினான். நேரமாகிவிட்டது, வீட்டுக்குப் போகிறேன் என்றான். 2009இல் பத்து வயதில் வவுனியா முகாமில் மாதக்கணக்காக இருந்தவன் அவன். எனக்கு அது தெரியும். தெரிந்திருந்தும் யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் ஆட்டத்துக்கு வரவில்லை, அந்தக் குழுவும் அதோடு கலைந்தது. அவனுடைய கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் "கயிறு 50 அடி, தீவட்டி 6, உப்புப் பொட்டலம்" என்று சாமான் கணக்கு. உப்பு எதற்கு என்று கேட்க எனக்கு வாய்க்கவில்லை.

வன்னியில் ஆட்டம் நடத்துகிறவர்கள் இதை முதலில் மனதில் வையுங்கள். கம்பிக்குள் இருந்தவர்கள் உங்கள் மேசையிலும் இருப்பார்கள். அப்படிப்பட்ட காட்சி வேண்டுமென்றால் தொடங்குவதற்கு முன்னரே கேளுங்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதை விட்டுவிடுங்கள்.

வரலாற்றுப்படி பார்த்தாலும் நான் செய்தது பிழை. மத்தியகால இங்கிலாந்தில் சிறை பெரும்பாலும் விசாரணை வரும்வரை ஆளைப் பிடித்து வைக்கும் இடம். உள்ளே இருப்பவனுக்குச் சாப்பாடு அவன் வீட்டாரோ இரக்கப்பட்டவர்களோ கொடுக்க வேண்டும். பொலிஸ் என்று ஒன்று கிடையாது. அப்படியென்றால் கொலைகாரனைப் பிடிப்பது யார்? ஊர்தான். பிணத்தைக் கண்டவன் கூக்குரல் போட வேண்டும், கேட்டவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு துரத்த வேண்டும். துரத்தாத ஊருக்குத் தண்டம். பன்னிரண்டு வயது தாண்டிய ஆண்களைப் பத்துப் பேர் அளவில் ஒரு கூட்டாகச் சேர்த்து, ஒருவன் ஓடினால் மற்றவர்கள் தண்டம் கட்ட வேண்டும் என்றும் வைத்திருந்தார்கள்.

இதை மேசைக்குக் கொண்டுவந்து பாருங்கள். துரத்துவது முகமில்லாத காவலர் கிடையாது. நேற்று உங்களுக்குக் கஞ்சி ஊற்றிய பெண்ணும் அவளுடைய தம்பியும்தான். அவர்களை வெட்டிவிட்டு ஓட எந்த ஆட்டக்காரருக்கும் மனம் வராது.

ஓடினால் எங்கே ஓடுவது? தேவாலயத்துக்குள். அங்கே 40 நாள் வரை யாரும் கைவைக்க முடியாது. அதற்குள் ஒன்றில் விசாரணைக்கு வர வேண்டும், அல்லது குற்றத்தை ஒப்புக்கொண்டு நாட்டை விட்டே போவதாகச் சத்தியம் செய்ய வேண்டும். அப்படிச் சத்தியம் செய்தவன் குறிப்பிட்ட துறைமுகத்துக்குப் பெருவீதியை விட்டு விலகாமல் நடக்க வேண்டும். கப்பல் இல்லையென்றால், போக மனமுண்டு என்று காட்ட ஒவ்வொரு நாளும் முழங்கால் அளவு கடலில் இறங்கி நிற்க வேண்டும். கடலில் இறங்கி நிற்கும் வில்லாளியையும் கரையில் அரிவாளோடு காத்திருக்கும் செத்தவனின் சகோதரனையும் நினைத்துப் பாருங்கள். பகடை உருட்டத் தேவையில்லாமலே ஒரு பின்னேரம் ஓடிவிடும்.

ஆங்கிலோ-சாக்சன் காலத்தில் உயிருக்கு விலை இருந்தது. சாதாரணக் குடியானவனுக்கு 200 ஷில்லிங், உயர்குடியானவனுக்கு 1200. அதைக் கட்டினால் பழிவாங்கல் நிற்கும். குற்றம் சாட்டப்பட்டவன் தன் சத்தியத்தை நம்புகிறவர்களைக் கூட்டிவந்து அவர்களையும் சத்தியம் செய்யவைத்துத் தப்பலாம். நடந்ததை அவர்கள் பார்த்திருக்கத் தேவையில்லை, இவன் சொல்லை நம்பினால் சரி. போன ஊரிலெல்லாம் சண்டை பிடித்த குழுவுக்காகச் சத்தியம் செய்யப் பன்னிரண்டு பேர் எங்கே கிடைப்பார்கள்? அந்தக் கேள்வி வந்ததும் ஆட்டக்காரர்கள் ஊராரோடு ஒழுங்காகப் பேசத் தொடங்குவார்கள். நான் கண்டது இது.

சரி, தம்பியின் கிழவருக்கு வருவோம். இடைவேளையில் தேத்தண்ணீர் குடிக்கும்போது அவனிடம் சோழர் காலத்துக் கதையைச் சொன்னேன். வேட்டையில் தவறுதலாக ஆளைக் கொன்றவனுக்கு உயிர்த் தண்டனை வேண்டாம் என்று முடிவுசெய்து, கோயிலில் நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிக்கச் சொன்ன வழக்குகள் தமிழகக் கல்வெட்டுகளில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடு கொடுப்பார்கள். அதற்குப் பெயர் சாவா மூவாப் பேராடு. ஆட்டைப் பொறுப்பேற்றவர் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடானதும் செத்ததும் போக, குட்டிகளால் எண்ணிக்கை நிரம்பிக்கொண்டே இருக்கும். விளக்குக்குக் கால்நடை கொடுக்கும் வழக்கம் இலங்கைக்கும் வந்தது. திருகோணமலைக்குப் பக்கத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற வெல்கம் விகாரையில், விளக்குக்குப் பசு கொடுத்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு.

தம்பி திரும்பிப் போய், "காவலர் வரயில்லை. கிழவற்ற மகள் வந்து நிக்கிறா" என்று காட்சியை மாற்றினான். ஊர் கூடியது. தீர்ப்பு: 96 ஆடு, ஒரு விளக்கு. "அண்ணா, இவ்வளவு ஆட்டுக்கு நாங்கள் எங்க போறது?" என்று வில்லாளி என்னைப் பார்த்துக் கேட்டான். மூன்று வாரமாக அவர்கள் ஆடு சேர்க்கிறார்கள். போன கிழமை ஒரு பட்டியைக் குளக்கட்டால் ஓட்டி வந்து எண்ணியபோது ஒன்று குறைந்தது. திருடன்தான் விற்றுவிட்டான் என்று மந்திரக்காரிக்குச் சந்தேகம்.

ஒரு நாடு, ஒரு சட்டம்

அரசன் சொன்னால் எல்லையிலிருந்து எல்லைவரை அதுதான் சட்டம் என்று எழுதிவைப்பார்கள். உண்மையில் ஒரே நிலத்தில் பல சட்டங்கள் மோதின. இங்கிலாந்தில் குருவானவர் குற்றம் செய்தால் திருச்சபையின் நீதிமன்றம். அரச காட்டில் மான் கொன்றால் காட்டுச் சட்டம். சந்தையில் தகராறு என்றால் தூசிக்கால் நீதிமன்றம். ஊர் ஊராக நடந்துவரும் வியாபாரிகளின் தூசி படிந்த காலால் வந்த பெயர் அது. வியாபாரி அடுத்த சந்தைக்குக் கிளம்புமுன் தீர்த்துவிடுவார்கள். சோழ நாட்டிலும் பிராமணர் ஊரில் சபை, வேளாளர் ஊரில் ஊர், வணிகர் ஊரில் நகரம் என்று வேறு வேறு அவைகள்.

எங்கள் வன்னியர்களையே, அதாவது வன்னியை ஆண்ட தலைவர்களையே, பாருங்கள். ஒல்லாந்தருக்கு யானை திறையாகக் கொடுக்க வேண்டியிருந்தது, தெற்கே கண்டியரசன் இருந்தான். இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் யாருக்கு எப்போது தலையாட்டுவது என்று யோசிக்கும் ஒரு தலைவரைக் கதையில் வையுங்கள். உங்கள் ஆட்டக்காரரைத் தேடி இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் வந்தால் அவர் யாரிடம் ஒப்படைப்பார்?

புதையலுக்குச் சொந்தக்காரர் இல்லை என்று நினைப்பது

குகைக்குள் பொன்குடம் கிடைக்கும், பங்கு போடுவார்கள், முடிந்தது. இங்கிலாந்தில் சொந்தக்காரர் தெரியாத புதையல் அரசனுக்குரியது, மறைப்பது குற்றம். 1194இல் ஏற்படுத்தப்பட்ட மரண விசாரணை அதிகாரிக்குப் புதையலை விசாரிக்கும் வேலையும் இருந்தது. பிணமும் பொன்னும் ஒரே ஆளிடம்தான் போகும்.

காணியை மறப்பது

நாங்கள் வளர்ந்ததே வேலி எல்லைக் கதை கேட்டு. அதை விட்டுவிட்டு ஏன் எப்போதும் மந்திரக்கல்? யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களை 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தேசவழமையாகத் தொகுத்தார். வருடம் பிந்தியதுதான், வழக்கம் அதைவிடப் பழையது. முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடியதேட்டம் (தேடிச் சேர்த்தது) என்று சொத்து மூன்று வகை. பிறகு ஒற்றி: கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் பலனை எடுப்பார். பத்து வருடம் ஊர் சுற்றிய வில்லாளி, தாயின் வயலை மீட்கக் காசோடு வருகிறான். வயலில் கதிர் முற்றி நிற்கிறது. விதைத்தவன் அவனுடைய எதிரி. அறுப்பது யார்?

சிறுபோகக் கூட்டத்துக்கும் ஒருமுறை போய் உட்காருங்கள். குளத்தில் இத்தனை அடி தண்ணீர், இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று சொன்னதும் எழும் சத்தத்தைக் கேளுங்கள். எந்த அரசவைக் காட்சியையும் அங்கிருந்தே எழுதலாம்.

காலத்தைக் கலப்பது

சோழர் அநுராதபுரத்தைப் பிடித்தது 993இல். பண்டார வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது 1803இல். இருவரையும் ஒரே பாசறையில் உட்கார வைக்காதீர்கள்.

பாடம் நடத்துவது

வேண்டாம். ஒரு வழக்கு, ஒரு சாட்சி, ஒரு பொய். அவ்வளவு போதும்.

பகடை வரட்டும் என்று காத்திருப்பது

இருபது பக்கப் பகடை கனடாவிலிருந்து யாராவது கொண்டுவரும்வரை நிறுத்திவைத்த குழுக்களை எனக்குத் தெரியும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் சொல்கிறபடி, உத்தரமேரூரில் ஊர் வாரியங்களுக்கு ஆள் தெரிவுசெய்யப் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். கணக்குக் காட்டாதவருடைய பெயரும் அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடத்துக்குள் போகாது. நாங்கள் தொடக்கத்தில் ஒன்றிலிருந்து இருபதுவரை துண்டுக் கடதாசியில் எழுதி ஒரு செம்பில் போட்டுக் குலுக்கினோம். எடுப்பது வீட்டின் கடைசிப் பிள்ளை.