சிங்களச் சொற்களைத் தமிழ் எழுத்தில் பாடமாக்கலாமா?

இலங்கையின் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, அவ்வாண்டு ஜூலை 1 முதல் அரச சேவையில் சேர்வோர் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்றைய அரசகரும மொழியிலும், அதாவது தமிழில் சேர்ந்தவர் சிங்களத்திலும், தேர்ச்சி பெற வேண்டுமென விதித்தது. ஆகவே வடக்கின் கிளிநொச்சி, முல்லைத்தீவு அலுவலக மேசைகளில் சிங்களச் சொற்கொப்பி ஒன்று கிடப்பது இன்று புதினமன்று. நானும் அத்தகைய கொப்பியை மூன்று முறை எழுதி நிரப்பினேன். பிழை என் நினைவாற்றலில் அன்று, கொப்பியிலேயே இருந்தது என்பது மூன்றாம் முறைதான் விளங்கியது.

சிங்களச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி மனனம் செய்வதே அப்பிழை. தமிழில் ககரம் ஒன்றே. சிங்களத்தில் ‘கடை’யின் ககரத்துக்கு ஓர் எழுத்தும், ‘சங்கு’வில் ஒலிக்கும் ககரத்துக்கு வேறோர் எழுத்தும் உண்டு. ‘கல்’ என்று கொப்பியில் குறித்தால், அது கற்களைக் குறிக்கும் சொல்லா, தவணையைக் குறிக்கும் சொல்லா என்பது மறுவாரம் எழுதியவருக்கே தெரியாது. ‘பத்’ என்பதும் அவ்வாறே: ‘அம்பு’வின் பகரம் போல் ஒலித்தால் சோறு, ‘படம்’ என்பதன் பகரம் போல் ஒலித்து, செய்தலைக் குறிக்கும் ‘கரனவா’ சேர்ந்தால் நியமித்தல். நியமனம் பற்றிச் சொல்ல வாய் திறந்து சோற்றைச் சொன்ன அனுபவம் எனக்குண்டு. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தைப் பற்றிப் பேசப் புகுந்தாலும், குளத்தைக் குறிக்கும் சொல்லின் முதல் உயிர் அகரத்துக்கும் எகரத்துக்கும் இடைப்பட்டதாகையால், ‘வவ’ என்றாலும் ‘வெவ’ என்றாலும் சரிவராது. அரிச்சுவடியை முதலில் படிப்பது சுற்றுவழியாகத் தோன்றினும், அதுவே குறுக்குவழி.

எதிர்ச்சொற்களைச் சோடியாகப் படிப்பது அடுத்த தவறு. தமிழில் வகரத்தில் தொடங்குவது வலம். சிங்களத்தில் வகரத்தில் தொடங்கும் ‘வம’ இடப்பக்கம். வலத்தைக் குறிக்கும் சொல்லோ தெற்கையும் குறிக்கும். மூன்றையும் ஒரே மாலையில் படித்தவர் சந்தியில் வழி சொல்லத் திணறுவார். ஒன்று நிலைத்த பின், ஒரு வாரம் கழித்து மற்றையதைத் தொடுவது நல்லது.

வாசித்த பட்டியலையே திரும்பத் திரும்ப வாசிப்பதும் பயன் குறைந்தது. கண்ணுக்குப் பழகியது நாவுக்கு வருவதில்லை. பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து சோதித்த ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ், மறதியின் பெரும்பகுதி முதல் நாளிலேயே நிகழ்ந்துவிடுவதை 1885 இல் காட்டினார். ஆகவே மறுநாளே சிங்களப் பக்கத்தைக் கையால் மூடி, தமிழ்ப் பொருளை மட்டும் பார்த்து, சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். வராத சொல்லுக்கு அருகில் பென்சிலால் ஒரு புள்ளி. மூன்றாம் நாளும் அடுத்த வாரமும் புள்ளியிட்டவற்றிலிருந்தே தொடங்கலாம்.