மாதிரிக் கப்பலின் சட்டகத்திற்குப் பலகை தேர்ந்தெடுக்கும் முறை

மாதிரிக் கப்பல் கட்டத் தொடங்குவோர் பலரும் வெளியே தெரியும் மேற்பலகைகளுக்குத் தேடித் தேடி மரம் வாங்கிவிட்டு, உள்ளே மறையும் சட்டகத்திற்குக் கைக்குக் கிடைத்த பலகையை எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் நடுவில் நீளவாக்கில் நிற்கும் அடிக்கட்டை சற்றே முறுகியிருந்தாலும், அதில் செருகப்படும் குறுக்குச் சட்டங்கள் அனைத்தும் அந்த முறுக்கைப் பின்பற்றும். மேற்பலகை ஒட்டிய பிறகு அதைச் சரிசெய்ய வழியே இல்லை. ஆகவே சட்டகத்திற்கான பலகையில் முதலில் பார்க்க வேண்டியது அழகு அன்று, அது தட்டையாகவே இருக்குமா என்பதுதான்.

முதற்படியாக, உங்கள் கப்பலில் சட்டகம் மறையப்போகிறதா, வெளியே தெரியப்போகிறதா என்று முடிவு செய்யுங்கள். முழுவதும் மேற்பலகையால் மூடப்படும் கப்பலுக்கு பிர்ச் மரத்தாலான பிளைவுட்டே ஏற்றது. அதன் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால், ஈரப்பதம் மாறும்போது பலகை விரிவதும் சுருங்குவதும் மிகக் குறைவு. சட்டத்தின் மெலிந்த மேல்நுனிகளும் எளிதில் ஒடியா. சுமார் அரை மீட்டர் நீளமுள்ள முதல் கப்பலுக்கு, அடிக்கட்டைக்கு 5 மி.மீ., குறுக்குச் சட்டங்களுக்கு 3 அல்லது 4 மி.மீ. தடிமன் போதும்.

சட்டகம் வெளியே தெரிய வேண்டுமென்றால் பிளைவுட்டின் அடுக்குக் கோடுகள் கண்ணை உறுத்தும். அப்போது பேரி, செர்ரி போன்ற நெருக்கமான ரேகையுள்ள மரங்களே தேவை. பிரிட்டிஷ் கடற்படையின் பழைய மாதிரிக் கப்பல்கள் பலவற்றில் அடிப்பகுதி மூடப்படாமல் விடப்பட்டது. அவற்றைச் செய்தவர்கள் பேரி, பாக்ஸ்வுட் போன்ற மரங்களை விரும்பினார்கள். உண்மைக் கப்பல் ஓக் மரத்தால் கட்டப்பட்டதுதானே, மாதிரிக்கும் அதையே பயன்படுத்தலாமே என்று தோன்றலாம். ஓக் மரத்தின் பெரிய துளைகள் சுமார் 0.3 மி.மீ. அகலம் உடையவை; உண்மைக் கப்பலை 48-இல் ஒரு பங்காகச் சுருக்கும் 1:48 அளவில் அது 14 மி.மீ. ஓட்டையாகத் தெரியும். மேலும், அடுக்கில்லாத முழு மரத்தில் வளைந்த சட்டத்தை ஒரே துண்டாக அறுத்தால், ரேகை குறுக்கே ஓடும் இடத்தில் அது முறிந்துவிடும். அதனால் சட்டத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ரேகை வளைவை ஒட்டிச் செல்லுமாறு வைத்து, இரண்டு அடுக்குகளாக, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி ஒட்ட வேண்டும். தொடக்கநிலையில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மரநாரைப் பசையுடன் அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை மலிவானது, மிகத் தட்டையானது. எனினும் அதன் விளிம்பில் ஆணி அடித்தால் பிளக்கும். நீர் கலந்த வெள்ளைப் பசையை உறிஞ்சி உப்பும். தேய்க்கும் தூசுக்கு முகக்கவசம் கட்டாயம். பால்சா என்னும் மிக இலேசான மரம் சட்டத்திற்கு மிகவும் மென்மையானது. ஆனால் முன்முனையிலும் பின்முனையிலும் சட்டங்களுக்கு இடையே அடைப்புக் கட்டையாக வைக்க அதற்கு நிகரில்லை. தேக்கின் எண்ணெய்த்தன்மை பசையின் பிடிப்பைக் குறைக்கும்.

அடுத்து, கடையில் பலகையைச் சோதியுங்கள். விளிம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்து வளைவையும் முறுக்கையும் பாருங்கள். பிறகு நான்கு விளிம்புகளிலும் அடுக்குகளுக்கு இடையே வெற்றிடம் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண கமர்ஷியல் பிளைவுட்டில் இத்தகைய வெற்றிடங்கள் பெரும்பாலும் இருக்கும். அவ்விடத்தில் சிற்றாணி பிடிக்காது. மரைன் பிளைவுட் என்று சொல்லப்படுவது முக்கியமாகப் பசையின் நீர்த்தாங்கும் திறனைக் குறிப்பதால், அலமாரியில் வைக்கும் மாதிரிக்கு அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

வீட்டிற்குக் கொண்டுவந்ததும் பலகையைச் சுவரில் சாய்த்து வைக்காமல், சமதளத்தில் படுக்கவைத்து, மேலே எடை ஏற்றிச் சில நாள்கள் அந்த அறையின் ஈரப்பதத்திற்குப் பழக விடுங்கள். ஒரு சிறு துண்டை அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் சாய்வாகத் தேய்த்துப் பாருங்கள். மேற்பலகை படிவதற்காகச் சட்டங்களின் விளிம்புகளை இப்படித்தான் சாய்க்கப்போகிறீர்கள். நார் பிய்ந்து வந்தாலோ அடுக்கு பிரிந்தாலோ அந்தப் பலகையைச் சட்டத்திற்குப் பயன்படுத்த வேண்டாம்.

இறுதியாக, அடிக்கட்டையில் குறுக்குச் சட்டம் செருகும் பள்ளத்திற்கு வரைபடத்தில் உள்ள அகலத்தை நம்பி அறுக்காதீர்கள். 3 மி.மீ. என்று விற்கப்படும் பலகை 2.7 மி.மீ. ஆகவும் இருக்கலாம். வெர்னியர் காலிப்பரால் உண்மைத் தடிமனை அளந்து, அதைவிடச் சற்றுக் குறுகலாகப் பள்ளத்தை அறுத்து, விரலால் அழுத்தினால் இறுக்கமின்றி இறங்கும்வரை அரத்தால் மெல்லத் தேய்த்துப் பொருத்துங்கள்; தட்டித்தான் இறக்க வேண்டியிருந்தால் இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும்.