கசிகிறதா? முதலில் சிரிஞ்சைக் கீழே வையுங்கள்

வேலூரில் மயக்க மருந்துப் படிப்புக்குப் புதிதாக வரும் பிஜி (முதுநிலை) பிள்ளைகளிடம் டீ நேரத்தில் ஒரே வாதம்தான்: மயக்கத்தில் மூச்சுக்கு வழி வைக்க எல்எம்ஏ (குரல்வளை வாசலில் உட்காரும் முகமூடி மாதிரிக் குழாய்) நல்லதா, ஐ-ஜெல் (அதே வேலைக்கான, ஜெல் மாதிரி மெத்தென்ற சாதனம்) நல்லதா, பேசாமல் மூச்சுக்குழாய்க்குள் டியூபே போட்டுவிடலாமா? வாதம் முடிந்து தியேட்டருக்குள் வந்ததும், அந்தக் காலத்தில் நாங்கள் அடித்த அதே கூத்தை இவர்களும் அடிக்கிறார்கள். பல்லை உடைப்பது, டியூபை வலது நுரையீரலுக்குள் இறக்குவது எல்லாம் முதல் மாதமே யாராவது திட்டித் திருத்திவிடுவார்கள். அதை விடுவோம்.

கசிந்தால் காற்று ஏற்றுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குடியாத்தத்திலிருந்து ஹெர்னியா ஆபரேஷனுக்கு ஒருவர் வந்தார். அறுபத்தைந்து கிலோ, நல்ல பீடிப் பழக்கம். பிஜி தம்பி கைக்குக் கிடைத்த 3-ஆம் நம்பர் எல்எம்ஏவைப் போட்டு, அதன் கஃபுக்குள் (விளிம்பைச் சுற்றியிருக்கும் பலூன் வளையம்) 20 எம்எல் காற்றும் ஏற்றிவிட்டார். அந்த சைஸுக்கு அதுதான் உச்சம். மூச்சு கொடுக்கும் பேக்கை அழுத்தியதும் வாயோரம் புஸ் என்று சத்தம். இன்னொரு 10 எம்எல் போனது. சத்தம் கூடியதே தவிரக் குறையவில்லை. மறுபடி சிரிஞ்சை எடுத்தார். பைலட் பலூனை (கஃபின் இறுக்கத்தை வெளியே காட்டும் சின்னப் பலூன்) தொட்டுப் பார்த்தேன், கோலிக்குண்டு மாதிரி இறுகிக் கிடந்தது. வயிறு வேறு மெல்ல உப்பிக்கொண்டிருந்தது.

கஃப் தொண்டையின் வளைவுக்கு ஏற்ப நெளிந்து படிந்தால்தான் அடைக்கும். அளவுக்கு மேல் காற்று போனால் விறைத்து எழும்பி ஓரத்தில் இடைவெளி விடும். சில சமயம் காற்றைக் கொஞ்சம் எடுத்தாலே கசிவு நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் காரணம் வேறு: மயக்கம் ஆழமாக இல்லாமல் குரல்நாண் இறுக மூடியிருக்கலாம் (பீடி பிடிப்பவர்களுக்கு இது சீக்கிரம் வரும்), குரல்வளை மூடி (எபிகிளாட்டிஸ்) மடங்கியிருக்கலாம், சைஸ் சின்னதாக இருக்கலாம். இவருக்கு மயக்கமும் மேலோட்டம், சைஸும் சின்னது. ப்ரொபோஃபால் (மயக்க மருந்து) கொடுத்து ஆழப்படுத்தி, 4-ஆம் நம்பரை மாற்றினோம். சத்தம் போயே போச்சு.

மறுநாள் வார்டில் அவர், "நாக்கு நுனி மரத்துக் கிடக்குது சார், காப்பி ருசியே தெரியல" என்றார். இறுகிய கஃப் நாக்கு நரம்பை நசுக்கியதன் பலன். சில வாரங்களில் சரியாகிவிட்டது, சரி. ஆனால் குடலிறக்கத்துக்கு வந்த மனுஷனுக்கு நாக்கு ஏன் மரத்தது என்று, அந்தத் தம்பியையே நிற்க வைத்து விளக்கச் சொன்னேன்.

எல்எம்ஏ கஃபின் அழுத்தம் 60 செ.மீ. நீர் அளவைத் தாண்டக் கூடாது. டியூப் கஃபுக்கு 20 முதல் 30. விரலால் அமுக்கிப் பார்த்து இது தெரியாது, மானோமீட்டர் (அழுத்தமானி) வையுங்கள். நைட்ரஸ் (மயக்க வாயு) ஓடினால் அது சிலிக்கான் கஃபுக்குள் புகுந்து அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். நடுவில் இன்னொரு தரம் பாருங்கள்.

ஐ-ஜெல் இருந்தால் வயிறு பத்திரம் என்ற நினைப்பு

ஐ-ஜெல்லில் காற்று ஏற்றும் கஃப் கிடையாது, அதனால் மேலே சொன்ன வம்பும் கிடையாது. வயிற்றுக்குழாய் விட ஓட்டையும் உண்டு. அந்த ஓட்டை ஒரு வடிகால், அவ்வளவுதான். வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நுரையீரலுக்குப் போகாமல் தடுப்பதில் கஃப் வைத்த டியூபுக்கு ஈடு இல்லை. பல வருஷ சர்க்கரை நோயாளிக்குப் பட்டினி இருந்தாலும் வயிறு சீக்கிரம் காலியாகாது. அப்புறம், "ஒரு வாய் பால் காப்பிதான் குடுத்தேன்" என்று வராந்தாவில் நிற்கும் அத்தையை மறக்காதீர்கள். மயக்கத்துக்கு முன் பட்டினி, தண்ணீருக்கு 2 மணி நேரம், பாலுக்கு 6.

சைஸ்

எடைக் கணக்கு கவரிலேயே அச்சிட்டிருக்கிறது. படியுங்கள்.

கேப்னோவில் (வெளிமூச்சின் கரியமில வாயுவைக் காட்டும் கருவி) அலை வராமலே "டியூப் உள்ளே இருக்கு" என்பது

சொல்லாதீர்கள்.

எடுக்கும்போது அவசரம்

நோயாளி தெளியும் முன்பே எல்எம்ஏவின் கஃப் காற்றை இறக்கினால், மேலே தேங்கிய எச்சில் குரல்வளைக்குள் இறங்கி ஸ்பாஸம் (குரல்நாண் இறுக மூடுவது) வரும். "வாயைத் திறங்க" என்றால் அவரே திறக்கட்டும், அப்போது எடுக்கலாம். அதுவரை சர்ஜன் வாட்சைப் பார்த்தால் பார்க்கட்டும்.