பழைய காரில் பேட்டரி போய்விட்டதா? புதிது வாங்கும் முன் மூன்று அளவு எடுத்துப் பாருங்கள்

தை மாதம், தேன்கனிக்கோட்டையில் ஒரு கல்யாணம். விடியற்காலை நாலரை மணிக்கு மண்டபத்துக்குக் கிளம்ப வேண்டும். சித்தப்பாவின் 1998 மாருதி 800 இரவெல்லாம் பனியில் நின்றிருந்தது. சாவியைத் திருப்பினால் டக் டக் டக் என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. "பேட்டரி போயிடுச்சுடா" என்றார் சித்தப்பா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்தோம், கல்யாணம் முடிந்து திரும்பும் வழியில் புது பேட்டரியும் போட்டுவிட்டோம். ஆறாவது நாள் தொப்பூரில் டீ குடிக்க நிறுத்தினோம். கிளம்பும்போது மறுபடி அதே டக் டக்.

பேட்டரியில் குறையே இல்லை. பேட்டரியின் மைனஸிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் எர்த் கேபிளின் போல்ட் துருப்பிடித்துக் கிடந்தது. பேட்டரி விற்ற கடையில் யாரும் அளந்து பார்க்கவில்லை, நாங்களும் அளக்கச் சொல்லிக் கேட்கவில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு ரூபாயையும் யோசித்துச் செலவு செய்பவர்கள். அந்தப் பணம் உங்களுக்கு வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தேவையான பொருட்கள் கொஞ்சம்தான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, டெர்மினல் போல்ட்டுக்குச் சேரும் ஸ்பேனர் (பெரும்பாலும் 10-ம் எண்), பழைய பல் பிரஷ், ஆப்ப சோடா, கொஞ்சம் வாஸ்லின்.

தொடும் முன்

பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும், பக்கத்தில் பீடி, தீக்குச்சி எதுவும் கூடாது. மோதிரம், வளையல், கைச்சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். ஒரே ஸ்பேனர் பிளஸ்ஸையும் வண்டியின் இரும்பையும் சேர்த்துத் தொட்டால் பொறி பறந்து கை வெந்துவிடும். அதனால் கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். ஆசிட் தோலில் பட்டால் உடனே நிறைய தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் விடாமல் கழுவிவிட்டு நேராக மருத்துவரிடம் போங்கள்.

முதலில் காது, பிறகு கண்

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வேகமாக டக் டக் என்று அடித்து, வெளிச்சமும் மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது இணைப்பு மோசம். ஒரே ஒரு 'டக்' கேட்டு, வெளிச்சம் குறையாமல் நின்றால் எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரின் பக்கம் சந்தேகப்படுங்கள். சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை என்றால் டெர்மினல் கழன்றிருக்கலாம், கையால் அசைத்துப் பாருங்கள்.

இப்போது பானட்டைத் திறந்து பாருங்கள். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், கழற்றிவிட்டு, வெந்நீரில் கலந்த ஆப்ப சோடாவை பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். சோடா தண்ணீர் மூடி வழியாக உள்ளே போகக் கூடாது. காய்ந்ததும் இறுக்கி மாட்டி, மேலே வாஸ்லின் தடவுங்கள். பல வண்டிகளுக்கு இதோடு வேலை முடிந்துவிடும். பேட்டரியின் பக்கம் உப்பியிருந்தாலோ, வெடித்து ஆசிட் கசிந்தாலோ மேலே எதையும் அளக்க வேண்டாம், அது மாற்ற வேண்டியதுதான்.

மூடி திறக்கும் வகை பேட்டரி என்றால் ஆறு அறைகளிலும் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். தகடுகள் மூழ்கியிருக்க வேண்டும். குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்து போர்வெல் தண்ணீர் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும், ஃபுளோரைடு பல்லைக் கறையாக்கி எலும்பைப் பாதித்ததால்தான் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பேட்டரிக்கு ஃபுளோரைடு மட்டும் இல்லை, தண்ணீரில் கரைந்திருக்கும் குளோரைடு, இரும்பு எதுவுமே ஆகாது, தகட்டை அரித்துவிடும். கேன் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் குடிக்கத்தான், அதிலும் உப்பு மிச்சம் இருக்கும். ஆசிட்டும் ஊற்றாதீர்கள், ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே.

முதல் அளவு: ஓய்வில்

இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் முதல் வேலையாக இதை எடுங்கள். ஓட்டி முடித்தவுடன் அளந்தால் மீட்டர் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்புக் கம்பியை பிளஸ்ஸிலும் கருப்பை மைனஸிலும் வையுங்கள்.

ஒரு அறைக்கு ஏறக்குறைய 2.1 வோல்ட் வீதம் ஆறு அறைக்கு 12.6 வந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். சார்ஜ் போட்ட பிறகும் 10.5 பக்கத்திலேயே நின்றால் ஒரு அறை செத்துவிட்டது என்று பொருள், ஐந்து அறைகள் மட்டும் உயிரோடு இருக்கின்றன.

12.4-க்குக் குறைவாக இருந்தால் உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். சார்ஜர் போட்டு முழுமையாக ஏற்றி, மைனஸைக் கழற்றி ஒரு இரவு வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். எதிலும் இணைக்காமல் வைத்த பேட்டரி ஒரே இரவில் 12.2-க்கு இறங்கினால் அது சார்ஜைத் தாங்கவில்லை. மூடி திறக்கும் வகையாக இருந்தால் கடையில் ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். முழு சார்ஜில் 1.265 அளவில் இருக்க வேண்டும். ஒரு அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்தால் அந்த அறை போய்விட்டது.

இரண்டாவது அளவு: செல்ஃப் அடிக்கும்போது

எனக்கு இதுதான் மிக முக்கியமான சோதனை. ஓய்வில் 12.6 காட்டும் பேட்டரிகூட பாரம் ஏறியதும் படுத்துவிடலாம். மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு வேறொருவரை சாவியைத் திருப்பச் சொல்லுங்கள், வண்டி நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். எஞ்சின் சட்டென்று பிடித்துக்கொண்டால் அளவைப் பார்க்க நேரம் இருக்காது. பழைய டீசல் வண்டியில் ஸ்டாப் குமிழை இழுத்துப் பிடிக்கலாம், கார்புரேட்டர் பெட்ரோல் வண்டியில் இக்னிஷன் காயிலுக்குப் போகும் மெல்லிய கம்பியைக் கழற்றிவிடலாம். பத்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம்.

மீட்டர் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. முழு சார்ஜ் இருந்தும் எட்டு, ஏழு என்று சரிந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது.

சரி, மீட்டர் பத்துக்கு மேலே நிற்கிறது, ஆனால் செல்ஃப் மெதுவாகத்தான் சுற்றுகிறது, அல்லது டக் டக் என்று மட்டும் அடிக்கிறது என்றால்? சித்தப்பா வண்டியில் நடந்தது இதுதான். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும், மறுமுனையை எஞ்சினின் சுத்தமான இரும்புப் பகுதியிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் வர வேண்டும். எங்களுக்கு 0.9 வந்தது. அந்த போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினோம். அதற்குப் பிறகு செல்ஃப் ஒரே இழுப்பில் எடுத்தது.

மூன்றாவது அளவு: எஞ்சின் ஓடும்போது

எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டருக்கான சோதனை இது, நம் மெக்கானிக்குகள் இன்னும் டைனமோ என்று சொல்வது இதைத்தான். எஞ்சினைக் கொஞ்சம் ரேஸ் கொடுத்துப் பிடித்தால் 13.8-லிருந்து 14.5-க்குள் இருக்க வேண்டும். ஹெட்லைட்டும் புளோயரும் போட்ட பிறகும் 13-க்கு மேலே நிற்க வேண்டும். 12.5-லேயே கிடந்தால் சார்ஜ் ஏறவில்லை, முதலில் ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். 15-ஐத் தாண்டினால் வோல்ட்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. அடிக்கடி தண்ணீர் குறைகிறது என்பவர்கள் இதை அவசியம் பாருங்கள்.

வண்டி ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி 'டைனமோ நல்லா இருக்கு' என்று காட்டும் பழக்கம் இன்னும் சில பட்டறைகளில் உண்டு. தயவுசெய்து யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள். அந்த நொடியில் வோல்ட்டேஜ் எகிறி ஆல்டர்நேட்டரின் டயோடு போய்விடும்.

மூன்றும் சரி, ஆனாலும் காலையில் படுத்துவிடுகிறது என்றால்

வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்டைக் குடிக்கிறது. பிற்பாடு மாட்டிய மியூசிக் சிஸ்டம், அணையாத டிக்கி விளக்கு, இவைதான் வழக்கமான குற்றவாளிகள். மைனஸ் கேபிளைக் கழற்றி, மீட்டரின் கம்பியை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கேபிளுக்கும் மைனஸ் கம்பத்துக்கும் நடுவில் சேருங்கள். இந்த நிலையில் செல்ஃப் அடிக்கக் கூடாது, கம்பியை பிளஸ்ஸில் வைக்கவும் கூடாது, மீட்டர் கருகிவிடும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. 100 காட்டினால் ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர் அவர் (Ah) போகிறது, 35 ஆம்பியர் அவர் பேட்டரி ஒரே வாரத்தில் பாதியாகிவிடும். ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த லைனில்தான் திருட்டு.

இத்தனையும் பார்த்த பிறகும் குறை பேட்டரியில்தான் என்றால் தயங்காமல் மாற்றுங்கள். பழையதைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள், உள்ளே இருக்கும் ஈயத்துக்காக விலையில் கழித்துக்கொள்வார்கள். மீட்டரையும் கையோடு எடுத்துப் போங்கள். புது பேட்டரி பல மாதம் அலமாரியில் கிடந்திருக்கலாம், 12.4-க்குக் கீழே காட்டினால் வேறு எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். மாட்டி முடித்து எஞ்சின் ஓடும்போது மூன்றாவது அளவை அங்கேயே ஒரு தடவை எடுத்துவிட்டு, கேரண்டி அட்டையில் தேதி போட்டு முத்திரை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.