ஷார்ட் ஸ்கேல் பேஸுக்கு ஃப்ளாட்வவுண்ட் கம்பி: முதலில் இஞ்ச் டேப்பை எடுங்கள்

வேலூரில் பேஸ் கித்தார் வாசிப்பவர்களுக்குச் சாதாரண ரவுண்டுவவுண்ட் கம்பி கிடைப்பது கடினமல்ல. தட்டை நாடா சுற்றிய ஃப்ளாட்வவுண்ட், அதுவும் நீளம் குறைந்த ஷார்ட் ஸ்கேல் பேஸுக்கான அளவில் வேண்டும் என்றால் இணையத்தில் வரவழைக்க வேண்டும், அல்லது காட்பாடியில் ரயிலேறிச் சென்னைக்குப் போக வேண்டும். எப்படி வாங்கினாலும் கையில் வாங்கி மாட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை. ஒருமுறை நுனியை வெட்டிவிட்டால் எந்தக் கடைக்காரரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். சாதாரணக் கம்பியைவிட விலையும் கூடுதல். ஆகவே இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன.

ரவுண்டுவவுண்டில் உள்கம்பியைச் சுற்றி உருண்டையான கம்பி சுற்றப்பட்டிருக்கும். விரல் நகர்ந்தால் கீச்சென்று சத்தம் வரும். ஃப்ளாட்வவுண்டில் வெளிச்சுற்று தட்டையான எஃகு நாடா. தடவினால் வழுவழுப்பாக இருக்கும், மேல் அதிர்வெண்கள் அடங்கி அடிநாதம் முன்னால் நிற்கும், கழுத்தில் பதித்த உலோகப் பட்டிகளான ஃப்ரெட்டுகளும் மெதுவாகவே தேயும். தேவாலயத்தில் கீர்த்தனைகளுக்கும் ஞானப்பாட்டுகளுக்கும் வாசிப்பவர்களுக்கும், மெல்லிசைக் குழுவில் பழைய பாடல்கள் வாசிப்பவர்களுக்கும் இது மிகவும் பொருந்தும். கட்டைவிரலால் தட்டி வாசிக்கும் ஸ்லாப் பாணிதான் உங்கள் உயிர் என்றால் இதை வாங்காதீர்கள். ஐயம் இருந்தால் முதலில் செலவில்லாமல் சோதித்துப் பாருங்கள்: இப்போதுள்ள கம்பிகளுக்கு அடியில், கித்தாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை ஒட்டி ஒரு சிறு ஸ்பாஞ்சுத் துண்டைச் செருகி, டோன் குமிழைப் பாதி குறைத்து ஒரு வாரம் வாசியுங்கள். ஃப்ளாட்வவுண்டின் நாதம் அப்படியே வந்துவிடாது. ஆனால் அந்தத் திசை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

பிடிக்கிறது என்றால் அடுத்தது நீளம். பணம் அதிகம் வீணாவது இங்கேதான்.

பொட்டலத்தின் மேல் “ஷார்ட் ஸ்கேல்” என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. ஸ்கேல் என்பது நட்டிலிருந்து (தலைப்பக்கம் கம்பிகள் பள்ளங்களில் அமரும் சிறு பட்டை) பிரிட்ஜின் சாடில் (கம்பி படியும் சிறு தாங்கி) வரை அதிரும் பகுதியின் நீளம். வழக்கமான பேஸில் அது 34 அங்குலம், ஷார்ட் ஸ்கேலில் சுமார் 30. ஆனால் கம்பி சாடிலோடு முடிவதில்லை. அதன் முனையில் உள்ள உருண்டை எங்கே போய் உட்காருகிறது என்பது ஒவ்வொரு கித்தாரிலும் வேறு. ஹோஃப்னர் 500/1 போன்ற வயலின் வடிவ பேஸில் கம்பி பிரிட்ஜைத் தாண்டி, பின்னால் உள்ள டெயில்பீஸில் மாட்டப்படுகிறது. இதனால் பல அங்குலம் கூடிவிடும். 1966இல் வந்த ஃபெண்டர் மஸ்டாங் பேஸின் மூல வடிவமைப்பில் கம்பி கித்தாரின் உடலைத் துளைத்துப் பின்பக்கத்திலிருந்து வருகிறது. அங்கும் கூடுதல் நீளம் தேவை. பிரிட்ஜிலேயே உருண்டை உட்காரும் எளிய மாடல்களுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. இவை எல்லாமே ஷார்ட் ஸ்கேல்தான், ஆனாலும் ஒரே பொட்டலம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

ஆகவே இஞ்ச் டேப்பை எடுத்து இரண்டு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். உருண்டை உட்காரும் இடத்திலிருந்து நட் வரை ஒன்று. நட்டிலிருந்து, மிகத் தடித்த ஈ கம்பியின் ட்யூனர் தண்டு (கம்பியைச் சுற்றி இறுக்கும் முளை) வரை இன்னொன்று. ஃப்ளாட்வவுண்டின் முழுத் தடிமனான பகுதி நட்டைக் கண்டிப்பாகத் தாண்ட வேண்டும், ஆனால் ட்யூனர் தண்டைத் தொடக் கூடாது. அதற்குப் பிறகு கம்பி மெலிந்து, வண்ணநூல் சுற்றிய பகுதி தொடங்கும். தண்டில் சுற்ற வேண்டியது அந்தப் பகுதிதான். நூல் சுற்றிய பகுதி நட்டைத் தாண்டி வாசிக்கும் பக்கம் வந்துவிட்டால் நாதமும் கெடும், சுருதியும் நிற்காது. நான்கு ட்யூனர்களும் ஒரே வரிசையில் இருக்கும் தலையில் ஈ தண்டுதான் நட்டுக்கு மிக அருகில் இருக்கும். எனவே உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி அந்த ஒரு கம்பியில்தான் மிகக் குறைவு. ஈ சரியாக அமைந்தால் மற்ற மூன்றும் பெரும்பாலும் அமைந்துவிடும். இரண்டிரண்டாகப் பிரிந்த தலை என்றால் மிக மெல்லிய ஜி கம்பியையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள்.

சில நிறுவனங்கள் ஸ்கேல் நீளத்தைக் குறிப்பிடுகின்றன, சில நிறுவனங்கள் உருண்டையிலிருந்து நூல் தொடங்கும் இடம் வரையிலான நீளத்தைக் குறிப்பிடுகின்றன. இரண்டாவது எண்தான் உங்களுக்கு வேண்டியது. அது பொட்டலத்தில் இல்லாவிட்டால் விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கட்டுங்கள். வயலின் வடிவ பேஸ் வைத்திருப்பவர்களுக்கு 32 அங்குல மீடியம் ஸ்கேல் செட்டே பொருந்துவதும் உண்டு.

“ஷார்ட் கிடைக்கவில்லை, லாங் ஸ்கேல் கம்பியை வாங்கி வெட்டிக்கொள்ளலாம்” என்ற யோசனையைப் பலரும் சொல்வார்கள். ரவுண்டுவவுண்டில் சிலர் அதைச் செய்து தப்பித்துவிடுகிறார்கள். ஃப்ளாட்வவுண்டில் இது ஆபத்து. தடிமன் குறையாத பகுதியைத் தண்டில் வளைத்தால் தட்டை நாடா விரிந்துவிடும், சில நேரம் உடைந்தும் விடும். உடலைத் துளைத்து வரும் அமைப்பிலும் பின்பக்கம் கூர்மையாக வளையும் இடத்தில் இதே சிக்கல் உண்டு. பிரிட்ஜிலேயே மாட்டும் வழி உங்கள் கித்தாரில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். சரியான நீளக் கம்பியாக இருந்தாலும் முதலில் செங்குத்தாக மடக்கிய பிறகே, மடிப்புக்கு அப்பால் வெட்ட வேண்டும். மடக்காமல் வெட்டினால் சுற்று உள்கம்பியிலிருந்து நழுவக்கூடும். அப்படி நழுவிய கம்பியில் உயிர் இருக்காது.

அடுத்த தவறு தடிமன் எண்ணை மட்டும் பார்ப்பது. ஒரே கம்பியை ஒரே சுருதியில் கட்டும்போது அதன் இறுக்கம் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 34 அங்குலத்திலிருந்து 30க்கு வந்தால் இறுக்கம் ஏறக்குறைய 22 சதவீதம் குறைகிறது. பிள்ளைகளுக்காகப் பெற்றோர் வாங்கித் தரும் ஐபனேஸ் மிக்ரோ 28.6 அங்குலம், அதில் கிட்டத்தட்ட 29 சதவீதம் குறையும். லாங் ஸ்கேலில் 0.100 அங்குல ஈ கம்பி தரும் இறுக்கத்தை 30 அங்குலத்தில் பெற, அதே தயாரிப்பில் சுமார் 0.113 வேண்டியிருக்கும். ஆகவே நண்பரின் 34 அங்குல பேஸில் கச்சிதமாக இருக்கும் செட் உங்கள் கையில் தொளதொளவென்று இருப்பதில் வியப்பில்லை.

அதற்காகக் கிடைப்பதிலேயே தடித்ததை வாங்குவதும் தவறு. குட்டையான நீளத்தில் தடித்த கம்பி ஒரு தண்டைப் போல விறைத்துக்கொள்ளும். அடிநாதத்தோடு சேர்ந்து எழும் மேல்நாதங்கள் சற்று ஏறி ஒலிக்கும், 12ஆம் ஃப்ரெட்டில் சுருதி சேராது, சாடிலைப் பின்னால் தள்ளித் தள்ளி இடமே தீர்ந்துபோகும். தட்டை நாடாவில் இடைவெளி குறைவு என்பதால் பெரும்பாலான ஃப்ளாட்வவுண்டுகள் அதே தடிமன் ரவுண்டுவவுண்டைவிடக் கனமாகவும் விறைப்பாகவும் இருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 30 அங்குலத்துக்கு, மெல்லிய கம்பி 0.045 முதல் தடித்தது 0.100 அல்லது 0.105 வரையிலான செட்டில் தொடங்குவது என் பரிந்துரை. டடாரியோ குரோம்ஸ் ஷார்ட் ஸ்கேலில் 0.045-0.100 அளவு உண்டு. உறுதியான பிடிப்பு வேண்டுபவர்களுக்கு நல்ல தொடக்கம். வியன்னாவின் தோமாஸ்டிக் ஜாஸ் ஃப்ளாட்ஸ் இறுக்கம் குறைவானவை. மென்மையாக வாசிக்கும் கைக்கு அருமை, பலமாக இழுத்து வாசிப்பவர்களின் ஈ கம்பி ஃப்ரெட்டில் மோதிக்கொண்டே இருக்கும்.

பெரிய கலைஞர் பயன்படுத்தும் கம்பிகளின் பட்டியலைப் பார்த்து வாங்குவதிலும் இதே குழப்பம்தான். அமெரிக்காவின் மோடவுன் இசை நிறுவனத்தின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் லா பெல்லாவின் கனமான 0.052-0.110 ஃப்ளாட்வவுண்ட் வைத்திருந்தார் என்பது உண்மை. அவருடையது 34 அங்குல பிரிசிஷன் பேஸ். பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கியது 30 அங்குல ஹோஃப்னர், அதுவும் உள்ளீடற்ற உடல். இருவரில் யாருடைய கம்பியை வாங்கி மாட்டினாலும் அவருடைய நாதம் உங்களுக்கு வராது, உங்கள் கித்தாரின் நாதமே வரும்.

கறுப்பு நைலான் நாடா சுற்றிய டேப்வவுண்டும், மேற்புறம் பாதி தேய்த்துச் சமமாக்கிய ஹாஃப்ரவுண்டும் வேறு வகைகள். விற்பனைப் பட்டியலில் இவை கலந்து கிடக்கும். பெயரைப் படித்து வாங்குங்கள்.

மாட்டிய பிறகு கித்தாரின் கழுத்தான நெக்கைப் பாருங்கள். இறுக்கம் கூடியிருந்தால் நெக் முன்னோக்கி வளைந்து கம்பிகள் உயரும். நெக்கின் உள்ளே ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்பாமல் சரிசெய்ய வேண்டும். நட்டின் பள்ளம் பழைய கம்பிக்கு வெட்டியதாக இருந்தால் புதியது மேலேயே நிற்கும். இதை அரம் கொண்டு நீங்களே தேய்க்காமல், தெரிந்தவரிடம் கொடுங்கள். சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மூடிய காரில் கித்தாரை விட்டுவிட்டு மேடையில் சுருதி நிற்கவில்லை என்று கம்பியைத் திட்டுவதில் பயனில்லை.

ஒலிபெருக்கியைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஈ கம்பியின் அடிநாதம் 41 ஹெர்ட்ஸ். கிராமத் தேவாலயத்தின் சிறிய ஸ்பீக்கர்களும், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு விழா போன்ற திருவிழாக்களில் கட்டும் கூம்புக் குழாய்களும் அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தருவதில்லை. அந்த இடங்களில் நாம் பேஸைக் கேட்பதே மேல்நாதங்களின் உதவியால்தான். ஃப்ளாட்வவுண்டில் அவை குறைவு. வீட்டில் அழகாக ஒலித்த கித்தார் அங்கே காணாமல் போனது போலத் தோன்றும். உடனே எல்லாரும் பேஸ் குமிழை முழுவதும் திருப்புகிறார்கள். ஸ்பீக்கர் உறுமும், ஸ்வரம் தெளியாது. அதற்கு மாறாக, டோனை முழுமையாகத் திறந்து, 200 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையிலான நடுப்பகுதியைச் சற்றே உயர்த்தி, அடிப்பகுதியைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். வரிகளுக்கு நடுவே பேஸ் தனியாகத் தெரியும். எப்போதும் கூம்புக் குழாய்தான் என்றால் ரவுண்டுவவுண்டிலேயே இருப்பது நல்லது. இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

மாட்டிய அன்றே முடிவு சொல்லிவிடாதீர்கள். புதிய ஃப்ளாட்வவுண்டில் கூர்மை இருக்கத்தான் செய்யும், சில வாரங்கள் வாசித்த பிறகே அது அடங்கும். பழைய ரவுண்டுவவுண்டைக் கொதிநீரில் போட்டுப் பளிச்சென்று ஆக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. இதில் அதைச் செய்யாதீர்கள், நாடாவுக்கு அடியில் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் வியர்வையைத் துடைத்தால் போதும், அறுந்து போகாத வரை ஆண்டுக்கணக்கில் மாற்ற வேண்டியதில்லை. பொட்டலத்தின் பின்புறத்தில் நீங்கள் எடுத்த இரண்டு அளவுகளையும் எழுதிக் கித்தார் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த செட் வாங்கும்போது அதையே பார்த்துக்கொள்ளலாம்.